வியாழக்கிழமை மஜ்லிஸும் சனிக்கிழமை மாடியும்

ஜூலை 1, செவ்வாய்

இன்று பதினொரு பேருக்குக் காது சோதனை செய்தேன். அதில் மூன்று பேர் பொய் சொன்னார்கள். எங்கள் க்ளினிக்கில் இது சராசரிக்கும் குறைவு.

காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள மனிதர்களுக்கு எத்தனை வெட்கம்! ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் இந்தப் பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே என் மேசைக்கு வருகிறேன். நான் இன்னும் ஒரு சத்தமும் அனுப்பியிருக்க மாட்டேன். அதற்குள் உள்ளே டக் டக் என்று அமுக்கல். சிலர் கண்ணாடி வழியாக என் கையையே கவனித்து, கை அசைந்தால் அமுக்குவார்கள். இன்று ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் அப்படித்தான் செய்தார். கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். அவர் முகத்தில் பிடிபட்டவனின் தவிப்பு.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை அந்த அறை என்னுடையது. டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். கனத்த கதவைச் சாத்திவிட்டால் என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்கும். எட்டு மாதமாக அங்கே உட்கார்ந்துதான் ஈசாவிடம், அதாவது இயேசுவிடம், பேசிக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டு.

எழுதிவிட்டேன். இந்த நோட்டு என் கைப்பையைவிட்டு வெளியே போகாது. ஆனாலும் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பின்னால் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எனக்கு நல்ல பெயரான நல்ல பெயர். பொய் சொல்வதை விட்டேன். உம்மாவிடம் எரிந்துவிழுவதை (பெரும்பாலும்) விட்டேன். மூன்று வருடமாக முகம் கொடுக்காமல் இருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "எம்பொண்ணுக்கு இப்பதான் உண்மையான ஈமான் வந்திருக்கு."

உம்மா சொல்வது சரிதான், நம்பிக்கை வந்திருக்கிறது. அதுதான் சிக்கல்.

ஜூலை 3, வியாழன்

வசமாக மாட்டிக்கொண்டேன்.

மாமி, வாப்பாவின் அக்கா, இருபது வருடமாக வியாழன் மாலைகளில் தன் வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கான மஜ்லிஸ் நடத்துகிறாள். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். ஓதுவார்கள், பிறகு மாமி ஒரு நபியின் வரலாற்றைச் சொல்வாள், பிறகு ஊர் வரலாற்றை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். கொஞ்ச நாளாக மாமிக்குக் காது மந்தம். பெண்கள் தப்பாக ஓதினாலும் "மாஷா அல்லாஹ்" என்கிறாள்.

இன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றாள். "எனக்கு வயசாயிடுச்சு. அடுத்த வாரத்துலேர்ந்து எங்க அண்ணன் தம்பி வீட்டுல உள்ளதிலேயே நல்ல புள்ள, இவ சொல்லுவா." விரல் என்னைக் காட்டியது.

"மாமி, நான் எதுக்கு மாமி…"

"என்னது?"

"எனக்கு வேணாம் மாமி!"

"ஆமா, வேணும்தான். நான்தான் சொல்றேனே."

உம்மாவின் கண்ணில் தண்ணீர். வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நான் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தபோதுகூட இப்படிப் பிடித்ததில்லை.

ஒப்புக்கொண்டால் அந்த இருபத்தைந்து பேருக்கும் நான் பொய். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வீடு போகும். உம்மா, வாப்பா, என் ஜன்னலோரக் கட்டில், எல்லாம் போகும். இதற்கு நடுவில் எனக்கு என்ன வழி இருக்கிறது?

ஜூலை 5, சனி

சனிக்கிழமை மதியம் தையல்கடைக்கு மேல் மாடியில் நாங்கள் ஆறு பேர் ஜெபத்துக்குக் கூடுகிறோம். வீட்டில் "தோழி வீடு" என்று சொல்லிவிட்டுப் போவேன். பொய் சொல்வதை விட்டேன் என்று செவ்வாய்க்கிழமைதான் எழுதினேன். இப்போது அதைப் படித்தால் காது சுடுகிறது. (அங்கே எனக்குத் தோழி இருக்கிறாள், ஆகவே அரைப் பொய். அரைப் பொய் என்று ஒன்று உண்டா?)

இடம் கணக்கு டீச்சருடையது. அவர் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர். தங்கமான மனுஷி, ஆனால் எதையும் விடை வரும்வரை விடமாட்டார். இன்று என்னை ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன், பேசினேன், உருகிப்போனேன். முடிந்ததும் என்ன செய்தேன்? தொழுகை முடிக்கிற பழக்கதோஷம். வலப்பக்கம் திரும்பி சலாம் சொன்னேன், இடப்பக்கம் திரும்பி சலாம் சொன்னேன். வலப்பக்கம் இருந்த தாத்தா பயபக்தியோடு பதில் வணக்கம் போட்டார். இடப்பக்கம் சுவர்.

பேக்கரிக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் என்னைப்போல முஸ்லிம் வீட்டிலிருந்து வந்தவர். பதினான்கு வருடம் ஆகிறது. "கவலப்படாத தங்கச்சி, எனக்கு இன்னும் தும்மல் வந்தா அல்ஹம்துலில்லாஹ்தான் வருது. அவரு கோச்சுக்கிட்ட மாதிரி தெரியல."

பிறகு டீச்சர் ஒரு தாளை எடுத்தார். பெண் பெயர்கள், அழகான கையெழுத்தில், பதினெட்டு. "உனக்குப் பிடிச்சதை டிக் பண்ணும்மா. புது வாழ்க்கை, புதுப் பேரு."

"டீச்சர், எங்க வாப்பா மூணு நாள் யோசிச்சு வச்ச பேரு என்னோடது. அதைச் சொல்லித்தான் ஈசா என்னைக் கூப்பிட்டாரு. இப்போ மாத்தினா அவருக்கே குழப்பமாயிடும்."

டீச்சர் யோசித்தார். "அப்போ இதைப் பத்திரமா வச்சிரு, எப்பவாவது தேவைப்படும்." தாள் இப்போது என் பையில் இருக்கிறது.

மஜ்லிஸ் விஷயத்தைச் சொன்னேன். "உடனே வீட்டை விட்டு வெளிய வந்துடு" என்றார் டீச்சர். "எதுக்கு வரணும்? அவ வீடு அது" என்றார் பேக்கரிக்காரர். இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்ததில் என்னை மறந்துவிட்டார்கள். நான் மெல்ல இறங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

உம்மா எனக்குப் புது முக்காடு தைக்கக் கொடுத்திருக்கிறாள். மஜ்லிஸில் போட.

ஜூலை 9, புதன்

வாப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில்தான் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம்.

வாப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அவர் பெற்ற மகள் மூன்று முறை டெஸ்டில் தோற்றவள். அதனால் தினமும் க்ளினிக்குக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவர் பக்கத்தில் இருப்பார்.

"வாப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கியரை மாத்திட்டு சொல்லு."

மாற்றினேன். "வாப்பா, கொஞ்ச நாளா எனக்கு மனசுல…"

"கண்ணாடி. பின்னால பஸ்."

"பாத்துட்டேன். கொஞ்ச நாளா…"

"பாத்துட்டு எதுக்கும்மா அவன் வழில போற? இடது, இடது, இடது!"

க்ளினிக் வந்துவிட்டது. இறங்கும்போது கேட்டார், "என்னமோ சொல்ல வந்தியே?" ஒன்றுமில்லை என்றேன். கண்ணாடியை இறக்கி, "மனசுல எதையும் வச்சுக்கிட்டு ஸ்டியரிங் புடிக்காத" என்றுவிட்டுப் போனார்.

ஜூலை 10, வியாழன்

முதல் மஜ்லிஸ். எதைப் பேசினாலும் பொய்யில்லாமல் பேச வேண்டும் என்று ஈசாவைப் பெற்ற மர்யம் அம்மாவின் வரலாற்றை எடுத்தேன். தாயாக, நான் அறிந்த இரண்டு உலகத்துக்கும் பொதுவானவர்.

தனியாக, கூட ஒரு பெண்கூட இல்லாமல், மரத்தடியில் வலி வந்ததைச் சொன்னேன். இதற்கு முன்னாலேயே செத்துப்போயிருக்கக் கூடாதா என்று அவர் கதறியதைச் சொன்னேன். "பிரசவத்துல நீங்க எல்லாரும் சொல்றதத்தான் அவங்களும் சொன்னாங்க" என்றதும் ஒரு சிரிப்பலை. அப்புறம் ஒவ்வொருத்தராக முந்தானையை எடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி விசும்பியே விட்டார்.

மாமிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிந்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள்: "என்ன சொன்னேன்னு தெரியல. ஆனா எல்லாரும் அழுதாளுங்க. நல்லாத்தான் சொல்லியிருக்க!"

ஜூலை 15, செவ்வாய்

உம்மாவின் தொந்தரவு தாங்காமல் மாமி காது சோதனைக்கு வந்தாள். "எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்று டாக்டரிடமே சொன்னாள். டாக்டர் "சரிங்கம்மா" என்றார். "எதுக்கு சிரிக்கிறீங்க?" என்றாள்.

அறைக்குள் உட்காரவைத்தேன். ஆரம்பிக்கும் முன்பே பட்டனைப் பன்னிரண்டு தடவை அமுக்கிவிட்டாள். கதவைத் திறந்தேன்.

"மாமி, கேட்டாதான் அமுக்கணும்."

"கேக்கலேன்னாலும் அமுக்கிட்டா மார்க் குறையாதுல்ல?"

உள்ளே ஒரு மைக் இருக்கிறது. நோயாளி பேசினால் வெளியே மேசையில் இருக்கும் என் ஹெட்போனில் கேட்கும். சோதனை முழுக்க மாமியின் விமர்சனம் அதில் வந்துகொண்டே இருந்தது: "இந்தப் பொண்ணு ஏன் இப்படி இளைச்சுப்போச்சு… கல்யாணம் பண்ணி வைக்காம எந்தம்பி என்னத்த பண்றான்… இது என்ன ரூமு, கப்ருக் குழிக்குள்ள வச்ச மாதிரி."

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும் என்று முடிவு. வேண்டவே வேண்டாம் என்று மாமி. ஒரு வாரம் இலவசமாகப் போட்டுப் பாருங்கள் என்று டாக்டர். இலவசம் என்பது மட்டும் மாமிக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த செவ்வாய் வருகிறாள்.

மாமி போனபிறகு அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதே அறையில்தான் எனக்கு இது ஆரம்பித்தது. காத்திருப்பவர்களுக்காக வைத்த பழைய புத்தகங்களுக்கு நடுவே இருந்த ஒன்றில், ஈசா ஒரு செவிடரைக் குணமாக்கிய கதையைப் படித்தேன். அவர் முதலில் செய்தது, அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போனது. எல்லோர் முன்னாலும் வைத்து அவரைக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. அப்புறம் பெருமூச்சு விட்டாராம். காது கேட்காதவர்களோடு நாள் முழுக்க இருக்கும் எனக்கு அந்தப் பெருமூச்சு தெரியும். யார் இவர், எங்கள் வேலை தெரிந்த ஆளாக இருக்கிறாரே என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் என்னிடம் எதுவும் போதிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இரண்டாவது மஜ்லிஸ். "அந்தக் குழந்தை பெரிசாகி என்ன பண்ணாரு, அதையும் சொல்லு" என்று அவர்களே கேட்டார்கள். சொன்னேன். குருடருக்குப் பார்வை, குஷ்டரோகிக்குச் சுகம். மஜ்லிஸில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் நபி மட்டும்தானா என்று எங்கள் வழி பிரிகிற இடம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு எட்டு முன்னால் நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் ஒரு பெண் காய்ச்சலில் துவண்ட குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "நீங்க துஆ கேட்டா நடக்கும்." என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் கைவைத்து மனதுக்குள் கேட்டேன். எந்தப் பெயரால் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. இந்தப் பெண்கள் என்னை நம்புகிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுக்குள் எதையும் நுழைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? இப்படித் திருட்டுத்தனமாக ஈசா எதையாவது செய்தாரா? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

யா அல்லாஹ். யா ஈசா. யாராவது.

நிதானமாக எழுதுகிறேன்.

மாமிக்கு மூன்று மணிக்குத்தான் நேரம் கொடுத்திருந்தேன். ஒன்றரைக்கு அறைக்குள் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, முட்டி போட்டு, நெற்றியைத் தரையில் வைத்து, வாய்விட்டு. "ஈசாவே, எம்பெருமானே, எனக்கு நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு. நான் உங்க ஆளுன்னு உம்மாகிட்ட வாப்பாகிட்ட சொல்றதுக்குத் தைரியம் கொடுங்க. மாமியோட மஜ்லிஸ்ல திருடி மாதிரி உக்காந்திருக்கேன். பாவம் மாமி, அவங்களுக்குக் காது கேக்கணும்…"

எழுந்தேன். திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் மேசையில், என் நாற்காலியில், என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மாமி.

காலையில் கடைசி நோயாளிக்குப் பிறகு மைக்கை அணைக்கவில்லை. ஒலி அளவும் உச்சத்தில். பகல் ஒன்றரை மணிக்கு எவள் மூன்று மணி அப்பாயின்ட்மெண்டுக்கு வருவாள்? இலவசம் என்றால் மாமி வருவாள். ஆளைக் காணோமே என்று உட்கார்ந்திருக்கிறாள். இது என்ன என்று எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறாள். குடும்பமே கத்தினாலும் காதில் வாங்காதவளுக்கு, என் வாழ்க்கையின் ஒரே ரகசியம் இரண்டு காதிலும் துல்லியமாகக் கேட்டிருக்கிறது.

கதவைத் திறந்தேன். அந்தக் கதவு இவ்வளவு கனம் என்று இன்றுதான் தெரிந்தது.

மாமி ஹெட்போனைக் கழற்றவில்லை. "உள்ள யார்கூடப் பேசிட்டிருந்த?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. போனில் என்றிருக்கலாம். "ஈசாகிட்ட, மாமி."

"நபியா?"

"எனக்கு அதுக்கும் மேல, மாமி."

 மாமி ஹெட்போனைக் கழற்றி, மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"பதில் சொன்னாரா?"

"…உங்களை அனுப்பியிருக்காரு போல, மாமி."

"கொழுப்பு" என்றாள். "மொதல்ல மெஷினை மாட்டிவிடு."

மாட்டிவிட்டேன். பதற்றத்தில் இடது காதுக்குரியதை வலது காதில் மாட்டி, திரும்பக் கழற்றி மாட்டினேன். மாமி கண்ணாடியில் காதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள். வீட்டில் சொல்வாளா, மாட்டாளா?

ஜூலை 23, புதன்

வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

நான் போனபோது மாமி தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதிலும் மெஷின். "இன்னிக்கு நானே சொல்றேன். நீ அப்படிப் பின்னால உக்காரு."

பெண்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. மாமிக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நடுவரிசையில் ஒருத்தி, "கிழவிக்குப் பதவியை விட மனசில்ல" என்றாள். "கிழவிக்கு நல்லாக் கேக்குது, மேல சொல்லு" என்றாள் மாமி. இருபது வருட மஜ்லிஸில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. நானே சிரித்துவிட்டேன்.

எல்லோரும் போனபின் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. நீ செஞ்சது தப்புன்னுதான் சொல்லுவேன், சாகிற வரைக்கும் சொல்லுவேன். அது வேற. ஆனா உங்க வாப்பாகிட்ட நான் போய் சொன்னா அது கோள் மூட்டுறது. நீ சொன்னா பெத்தவன்கிட்ட பேசுறது. அடுத்த வியாழனுக்குள்ள சொல்லிடு. எனக்கு வயித்துல எதுவும் தங்காதுன்னு உனக்கே தெரியும்."

"வீட்டைவிட்டு அனுப்பிடுவாங்க மாமி."

"அனுப்பினாலும் அனுப்புவான்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஃபேன் எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?" என்றாள்.

ஜூலை 26, சனி

மாடியில் சொன்னேன். டீச்சர் உடனே எழுந்து போய் உள்ளறையில் மடக்குக் கட்டிலை விரித்துப் பார்த்தார். விரிப்பு மாற்றினார். பெயர்த் தாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பேக்கரிக்காரரிடம் கேட்டேன், "உங்க வாப்பா எவ்வளவு நாள் பேசாம இருந்தாரு?"

எப்போதும் ஏதாவது கிண்டலாகச் சொல்கிறவர். இன்று சொல்லவில்லை. "கடைசி வரைக்கும் பேசல தங்கச்சி. மவுத்தாகி அடக்கம் பண்ணிட்ட சேதியே பன் வாங்க வந்த ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்."

ஜூலை 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில், பூங்காவுக்குப் பின்னால் மாணவர்களுக்குப் பார்க்கிங் பழக்கும் காலி ரோட்டில், ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். கைபிரேக் போட்டேன். எல்லாம் முறைப்படி.

"வாப்பா, நான் ஈசாவைப் பின்பத்துறேன். நபின்னு மட்டும் இல்ல. என் ரப்பு, என் ஆண்டவர்னு. எட்டு மாசமா. யாரும் என்னை ஏமாத்தல, காசு குடுக்கல, எந்தப் பையனும் இல்ல."

 வாப்பா சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, இறங்கி, நடக்க ஆரம்பித்தார். ரோட்டு முனையில் திரும்பி மறைந்தார்.

நான் லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். கூரையில் எங்கள் டிரைவிங் ஸ்கூல் போர்டு. ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி "ஃபீஸ் எவ்வளவு?" என்று விசாரித்தார். அழுதுகொண்டே விவரம் சொன்னேன். "சரி, நான் அப்புறம் வரேன்" என்று பயந்துபோய்ப் போய்விட்டார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வாப்பா திரும்பி வந்தார். ஓட்டுநர் பக்கம் வந்து நின்றார். நான் நகர்ந்தேன். "பத்தரைக்கு ஒரு ஸ்டூடண்ட் இருக்கான்" என்றார், காரைப் பார்த்து. க்ளினிக் வரைக்கும் ஓட்டினார்.  அவர் கன்னமெல்லாம் ஈரம்.

ஜூலை 30, புதன்

வாப்பா சொல்லி விஷயம் தெரிந்து உம்மா ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, காலையில் விசாரணைக் கமிஷன் வைத்தாள்.

"தொழுவியா, மாட்டியா?"

"அல்லாஹ்கிட்ட நெத்திய தரையில வைக்காம என்னால இருக்க முடியாது உம்மா. ஆனா ஈசாகிட்டயும் பேசுவேன்."

"இந்த வருஷம் நோன்பெல்லாம் வச்சியே, அதெல்லாம் பொய்யா?"

"சத்தியமா வச்சேன். அடுத்த வருஷமும் வைப்பேன்."

"முக்காடு?"

"போடுவேன்."

"பேரு?"

"நீங்க வச்சதுதான்."

குரலைத் தாழ்த்தினாள். "பன்னி தின்னுவியா?"

"சீச்சீ! உம்மா!"

உம்மா முற்றிலும் குழம்பிப்போனாள். "அப்ப என்னதான்டி மாறிச்சு?"

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். வாயில் வந்தது இவ்வளவுதான். "நான் யாரோட ஆளுங்கிறது மாறிடுச்சு உம்மா" என்றேன். அவள் கேட்டுவிட்டு, பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அழுவதற்கு இரண்டு பேருக்கும் வெங்காயம் தேவைப்படவில்லை.

ஜூலை 31, வியாழன்

மஜ்லிஸுக்குப் போகவில்லை. நான் எங்கே என்று பெண்கள் கேட்டார்களாம். "அது எங்க குடும்ப விஷயம்" என்றாளாம் மாமி. மருந்துக்கடைக்காரர் மனைவி விடாமல் நோண்டியிருக்கிறார். மாமி இரண்டு மெஷினையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாளாம். உம்மா இதைச் சொல்லும்போது அரை நொடி சிரித்தாள். பிறகு என்னிடம் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாப்பா பேசி பத்து நாள் ஆகிறது. நான் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போகிறார். நான் வாசலுக்குப் போனால் கூடத்துக்கு வருகிறார். பஸ்ஸில் போகிறேன்.

இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர், நான் நாலடியில் நிற்க, உம்மாவிடம் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள அவளை வேற இடம் பாத்துக்கச் சொல்லு." அவர் முகத்தில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாமி பேட்டரி மாற்ற வந்தாள். எனக்கு எதிராகப் புதிதாக நாலு வாதம் கொண்டுவந்தாள்.

"ஈசா நபிய நாங்களுந்தான் மதிக்கிறோம். உனக்கு மட்டும் என்ன தனியா?"

"நீங்க மதிக்கிறீங்க மாமி. நான் அவரு பின்னாலயே போறேன்."

"எங்க போற? இங்கதான நிக்கிற?"

ஒரு மணி நேரம் வாதாடினோம். இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை. மாமிக்குக் காது நன்றாகக் கேட்பதில் எனக்கு லாபமே இல்லை. கிளம்பும்போது, "எங்க போய்த் தங்கப்போற?" என்றாள். டீச்சர் வீட்டு மாடி என்றேன். "தலகாணி இருக்கா அங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாசக் கடைசி. காலையில் எழுந்து பார்த்தால், கட்டிவைத்த என் பையைக் காணோம். உம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சாவி எங்கே என்று கேட்டால், "எங்க வச்சேன்னே தெரியல" என்று தன் இடுப்பிலேயே தொங்கும் சாவிக்கொத்தோடு சொல்கிறாள். வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சாவியைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை.

நாளை போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 6, சனி

இன்னும் பையும் சாவியும் கிடைக்கவில்லை.

காலையில் மக்கள்தொகை கணக்கெடுக்க ஒருவர் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து பெரிய படிவத்தை விரித்தார். வாப்பா எதிரே. நான் என் அறையில், கதவு பாதி திறந்திருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். கால் வரவில்லை.

"வீட்டுல எத்தனை பேரு சார்?"

சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அடுப்படியில் உம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். ஊரில் எத்தனையோ பேர் காதைச் சோதித்திருக்கிறேன். என் காது இப்படி எதற்காகவும் காத்திருந்ததில்லை.

"மூணு பேரு" என்றார் வாப்பா.

பெயர், வயது, படிப்பு எல்லாம் சொன்னார். என் பெயரை முழுசாக, எழுத்துக் கூட்டிச் சொன்னார். என் வேலையைச் சொல்லும்போது, "காது டாக்டர்கிட்ட. நல்ல வேலைக்காரி" என்று படிவத்தில் கேட்காததையும் சேர்த்துக்கொண்டார்.

"மதம்… மூணு பேருக்கும் ஒண்ணுதான சார்? போட்டுறேன்."

"இருங்க" என்றார் வாப்பா. அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், வந்தவர் பேனாவை மூடியே விட்டார். பிறகு நாற்பது நாளில் முதல்முறையாக என் அறைப் பக்கம் திரும்பி, கூப்பிட்டார். "இங்க வாம்மா. இதை நீயே சொல்லிக்க."

வந்து நின்றேன். நெற்றியைத் தரையில் வைப்பதைச் சொன்னேன், யார் பின்னால் போகிறேன் என்பதையும் சொன்னேன். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல முடிந்தது. வந்தவர் படிவத்தின் கட்டங்களை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் விரலால் தேடினார்.

"இதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

 வாப்பா எழுந்து போகவில்லை. அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"கட்டம் இல்லேன்னா ஓரத்துல எழுதிக்கங்க தம்பி. அவ்வளவு இடம் சும்மாதான கிடக்கு?"